முச்சந்தியில் இரண்டு விநாடி

பிரேக் போட்டால் மதிப்பெண் குறைகிற ஒரு தேர்வு. அதை நடத்துகிறவருக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று பெயர். நம் ஊரில் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை, ஏனென்றால் அந்தத் தேர்வை நம்பித்தான் என் டுடோரியல் ஓடிக்கொண்டிருந்தது.

என் பெயர் ஜெசிந்தா. பெரம்பூரில் ஒரு மாவு மில்லின் மாடியில் ‘ஜெசி கியர் அகாடமி’ என்று போர்டு மாட்டியிருந்தேன். உள்ளே ஆறு நாற்காலி, ஆறு திரை, ஆறு ஸ்டியரிங். கீழே மில் ஓடும்போது நாற்காலிகள் எல்லாம் கடகடவென்று அதிரும். இன்ஜின் அதிர்வைக்கூட இவ்வளவு தத்ரூபமாக வைத்திருக்கிறார்களே என்று புதிதாகச் சேர்கிறவர்கள் மெச்சிக்கொள்வார்கள். நான் மறுத்ததில்லை.

சென்னை டாக்சிகள் தாமாகவே ஓட ஆரம்பித்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. ஓட்டுநர்கள் எல்லோரும் தெருவில் இறங்கிப் போராடியதில் தானியங்கி வாகன வாரியம் ஒரு சமரசத்துக்கு வந்தது. ஒவ்வொரு டாக்சியிலும் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சாட்சி ஓட்டுநர் என்று பெயர். ஸ்டியரிங் தானாகத் திரும்பும், அதை அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வண்டியே சிவப்பு விளக்கைப் போட்டு உதவி கேட்டால் ஒழிய பிரேக்கும் வேலை செய்யாது, கியரும் வேலை செய்யாது. வண்டிக்கோ ரோஷம் அதிகம், லேசில் கேட்காது.

இப்படிச் சும்மா உட்காருவதற்கு ஒரு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்குத் தேர்வு வேண்டும். முன்பெல்லாம் மைதானத்தில் எட்டு போட்டுக் காட்டினால் போதும். இப்போது கணினியில் தேர்வு என்று முடிவாகி டெண்டர் விட்டார்கள். மிகக் குறைந்த தொகைக்கு எடுத்த கம்பெனி மெனக்கெட்டுப் புதிதாகத் தேர்வை உருவாக்கவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு வீடியோ கேமை எடுத்து, அதன் ஊருக்குச் சென்னைச் சாயம் பூசிக் கொடுத்துவிட்டது. பனைமரம் மாதிரி நின்ற வெளிநாட்டு மரங்களை வேப்பமரமாக்கினார்கள். தாடி வைத்த பயணிகளுக்குச் சேலை கட்டிவிட்டார்கள். தெருக்களை மட்டும் கேமரா வண்டி அனுப்பி அச்சு அசலாகப் படம்பிடித்து ஒட்டினார்கள். மதிப்பெண் போடுகிற முறை பழையதுதான்.

அந்த கேமுக்குப் பெயர் ‘பறக்கும் டாக்சி’. எனக்கு அது முதல் நாளே தெரிந்துவிட்டது. அப்பா என்னை டைப்ரைட்டிங் வகுப்புக்கு அனுப்பிய இரண்டு வருடமும் நான் ஒரு ஷாப்பிங் மாலின் மூன்றாவது மாடியில் அந்த மிஷினுக்கு முன்னால்தான் நின்றேன். அந்த மால் மூடப்படும்வரை முதல் இடத்தில் என் பெயர்தான் இருந்தது. டைப்ரைட்டிங் இன்றுவரை தெரியாது.

தணிகாசலம் என்னிடம் வந்தபோது இரண்டு முறை பெயிலாகியிருந்தார். ஐம்பத்து நான்கு வயது, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, பையில் சீப்பு. கூடவே மனைவி மரகதம். அந்தம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. என் மாடிப்படியைப் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொன்றாக ஏறி, மேலே வந்ததும் முதல் வேலையாக என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

“இருபத்தேழு வருஷம் டீச்சரம்மா. ஒரு கீறல் கெடையாது. வோணும்னா வண்டிய வந்து தடவிப் பாருங்க,” என்றார் தணிகாசலம்.

“அதாண்ணே உங்க பிரச்சினை.”

“ரெண்டு தபா பெயிலு,” என்றார் மரகதம். “தெருவுல கேக்கறவங்களுக்கு இவருக்குக் கண் ஆபரேஷன்னு சொல்லி வச்சிருக்கேன். எத்தினி நாள்தான் ஆபரேஷன் பண்ணுவாங்க?”

மூன்றாவது முறையும் தோற்றால் ஆயுளுக்கும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்பது விதி. சொந்தக் காரைக்கூடத் தொடக் கூடாது. தணிகாசலத்துக்கு வேறு தொழில் எதுவும் தெரியாது. காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் வீட்டு வாசலில் காக்கிச் சட்டையோடு நிற்கிறாராம். எனக்குப் பாவமாக இருந்தது.

பாடத்தை ஆரம்பித்தேன்.

“மொதல்ல பிரேக்க மறந்துடுங்க.”

“எத?”

“பிரேக்கண்ணே. அது இருக்கறதே பயணி ஏறவும் இறங்கவும்தான். இப்ப பாருங்க, இதுக்குப் பேரு உதை. வண்டி நிக்குதா? கியர ரிவர்ஸ்ல போடுங்க. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள டிரைவுக்குத் தள்ளி, அதே நொடியில ஆக்சிலரேட்டர மிதிங்க.”

திரையில் என் டாக்சி பின்பக்கம் குந்தி, முன்பக்கம் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. தணிகாசலம் காதைப் பொத்திக்கொண்டார்.

“கியர் பாக்ஸ் என்னாவறது?”

“இதுல கியர் பாக்ஸே இல்ல. வெறும் படம்.”

“படமாவே இருக்கட்டும். மனசு வர மாட்டேங்குதே.”

அடுத்து சறுக்கு. திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடித்து, கியரை ஒரே ஒரு தட்டு ரிவர்ஸில் தட்டினால் வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே திரும்பும். அதற்கடுத்து உரசல். பஸ்ஸுக்கும் நமக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி வைத்துக் கடந்தால் பின் ஸீட்டில் இருக்கும் சேலை கட்டிய பெண், “ஆஹா!” என்று கத்துவாள், புள்ளிகள் ஏறும். மோதினால் புள்ளி குறையாது. நின்றால்தான் குறையும்.

“மணிக்கூண்டு முச்சந்தி வருதா, அங்க சிக்னலுக்கு நிக்காதீங்க. நேரா நடைபாதையில ஏத்துங்க. மூணு செகண்ட் மிச்சம்.”

“நடைபாதையில ஆளுங்க நிக்கறாங்களேம்மா!”

“அவங்க தாவிடுவாங்க. இதுல யாருமே அடிபட மாட்டாங்கண்ணே. வண்டி கிட்ட வந்தா தானா தாவற மாதிரி எழுதியிருக்கு.”

அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காய்கறிப் பையோடு நின்ற ஒரு கிழவி மான் மாதிரி எம்பிக் குதித்து ஒதுங்கினாள்.

“நெஜத்துல தாவ மாட்டாங்களே.”

“நெஜத்துல நீங்க ஓட்டப் போறதே இல்லையேண்ணே,” என்றேன். இதை நான் நானூற்றுச் சொச்சம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஒரு மாதத்தில் உதை வந்துவிட்டது. சறுக்கும் சுமாராக வந்தது. பஸ்ஸை உரசும்போது மட்டும் “மன்னிச்சுக்கப்பா” என்று பஸ் டிரைவரிடம் முணுமுணுப்பார். அந்த பஸ்ஸில் டிரைவரே கிடையாது, அந்த இடத்தில் கறுப்பாக ஒரு கட்டம்தான் இருந்தது. பரவாயில்லை, முணுமுணுப்புக்குப் புள்ளி குறைவதில்லை.

தலைவலி முச்சந்தியில்தான் வந்தது. மணிக்கூண்டு முச்சந்தியின் நடைபாதையில் ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது. கேமரா வண்டி அதையும் படம்பிடித்து, தகரக் கூரையும் அறுகம்புல் மாலையுமாகத் தேர்வுக்குள் வைத்துவிட்டது. இருபத்தேழு வருடமாக தணிகாசலம் காலையில் முதல் சவாரிக்குப் போகும் வழியில் கும்பிட்ட அதே பிள்ளையார். திரையில் பிள்ளையார் கண்ணில் பட்டதும் இந்த மனிதர் பிரேக்கை மிதிப்பார். கையை எடுப்பார், நெற்றியைத் தொடுவார், கன்னத்தில் போட்டுக்கொள்வார். பிறகுதான் வண்டியை எடுப்பார். சரியாக இரண்டு விநாடி.

“ஓட்டிக்கிட்டே கும்பிடுங்கண்ணே! ஊர்ல எல்லாரும் அப்படித்தானே கும்பிடறாங்க?”

“ஓடற வண்டில ஸ்டியரிங்க விடக் கூடாது டீச்சரம்மா. நிறுத்திட்டுத்தான் கும்பிடணும்.”

“அப்ப கும்பிடாதீங்க.”

நானும் மாதா கோயிலைக் கடந்தால் சிலுவை போட்டுக்கொள்கிறவள்தான். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அந்த மாதாவே கை காட்டினாலும் நிற்க மாட்டேன். இவரிடம் அது எடுபடவில்லை. திரையில் கோயில் வரும்போது கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன், லாரியில் போய்ச் சொருகினார். மரகதத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். முச்சந்தி வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து கும்பிட்டார்கள்.

கடைசியில் நானே இறங்கி வந்தேன். “சரி, நில்லுங்க. கும்பிடுங்க. ஆனா கன்னத்துலேர்ந்து கை இறங்கறப்ப நேரா கியருக்கு வரணும். வந்த உடனே உதை. நின்ன எடத்துலேர்ந்து உதைச்சா பாய்ச்சல் அதிகம். போன ரெண்டு செகண்ட அதுல புடிச்சிடலாம்.”

தேர்வு அன்று நான் வெளியே கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். மரகதம் பெஞ்சில் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். தணிகாசலம் சறுக்கினார், உரசினார், பூங்காவுக்குள் புகுந்து ஊஞ்சலுக்கு அடியில் ஓட்டினார். முச்சந்தியில் நடைபாதையில் ஏறினார். நின்றார். நெற்றி, கன்னம், கியர், உதை! டாக்சி பறந்து போய் மேம்பாலத்தில் விழுந்தது. பின்ஸீட்டுப் பெண் ஆஹா ஆஹா என்று அலறினாள். அந்த மாதத்திலேயே அதிகபட்ச மதிப்பெண் அவருக்குத்தான்.

பிரேக் இன்ஸ்பெக்டர் சிவக்கொழுந்து சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “இருபத்தேழு வருஷம் இந்தத் திறமைய எங்க சார் ஒளிச்சு வச்சிருந்தீங்க?” என்று கேட்டார். தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். மரகதம் தெரு முழுக்கக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்.

தணிகாசலம் சாட்சி ஓட்டுநராகி இரண்டு மாதம் போனது. ஊரில் டாக்சிகளின் நடை மாற ஆரம்பித்தது. பஸ்ஸை ஒட்டி ஒரு சாண் இடைவெளியில் போயின. திருப்பத்தில் டயர் கிறீச்சிட்டது. டாக்சி நடைபாதையில் ஏறுகிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். உள்ளூர்ச் சூழலுக்கு வண்டிகள் தம்மைப் பழக்கிக்கொள்கின்றன என்று வாரியம் அறிக்கை விட்டது. ஒரு டாக்சி திருப்பத்தில் வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்து, ‘நம்ம பிள்ளைங்க மாதிரியே ஓட்டுதே’ என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

ஒரு திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு தணிகாசலம் மாடியேறி வந்தார். காக்கிச் சட்டை முழுக்க வியர்வை. தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“மணிக்கூண்டுகிட்ட வந்துட்டிருந்தோம். பின்னாடி ஒரு பயணி. சிக்னல் செவப்பு. வண்டி நிக்கல, நடைபாதையில ஏறிடுச்சு. அங்க மரகதம், டீச்சரம்மா. கோயிலுக்கு வந்திருக்கா. கையில தேங்காத் தட்டு.”

“அப்புறம்?” என்றேன்.

“பிரேக்க மிதிச்சேன். ஏறி நின்னு மிதிச்சேன். கேக்கல. மத்தவங்கல்லாம் ஓடிட்டாங்க. அவளால எங்க ஓட முடியும், அந்த முட்டிய வச்சிக்கிட்டு? என்னையே பாத்துக்கினு நிக்கறா. அவ தாவிடுவான்னு இந்த வண்டி நெனைக்குது, நான் கத்தறேன்.”

“அய்யோ. அண்ணே, அக்கா?”

“நின்னுடுச்சு. அவளுக்கு ஒரு முழம் முன்னால. கோயிலுக்கு நேரா டக்குன்னு நின்னுச்சு. யாரோ அவ கையப் புடிச்சி இழுத்தாங்க. இழுத்து முடிக்கலை, வண்டி பின்னாடி குந்துச்சு. அப்படியே பாய்ஞ்சி போச்சு.” தம்ளரைக் கீழே வைத்தார். “ரெண்டு செகண்டு. எண்ணிப் பாக்க வேண்டியதில்ல, எனக்குத் தெரியும். அந்த நிப்பு என்னுது டீச்சரம்மா. அந்தப் பாய்ச்சலும் என்னுதுதான்.”

அவர் அழுதார். நானும் அழுதேன். கீழே மில் ஓடிக்கொண்டிருந்ததால் ஆறு நாற்காலியும் எங்களோடு சேர்ந்து நடுங்கின.

மதியமே வாரியத்துக்குப் போனேன். சிவக்கொழுந்து சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், என் டுடோரியலுக்கு வரும் சுற்றறிக்கைகளைக் கைப்பட எழுதி அனுப்புகிறவர். நான் சொல்லிக் கொடுத்த உதையும் சறுக்கும் தெருவில் ஓடுகிற டாக்சிகளுக்கு எப்படிப் போயின என்று கேட்டேன்.

“உங்களுக்குத் தெரியாதா மேடம்? நான் தெரியும்னு இல்ல நெனச்சேன்,” என்றார். “ஆரம்பத்துல இந்த வண்டிங்களுக்கு ரொம்ப மரியாதை. யாராவது வழி விடுவாங்கன்னு ஒரு டாக்சி ரவுண்டானாவுல காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நின்னுச்சு. நம்ம ஊர் ஓட்டத்தக் கத்துக் கொடுக்கணும்னாங்க. அதுக்குத் தனியா நிதி இல்ல. இங்கதான் மாசம் ஆயிரம் பேர் வந்து நம்ம தெருவுல ஓட்டிக் காட்டறாங்களே, அதையே வண்டிங்களுக்கு ஊட்டுங்கன்னு மேலேர்ந்து உத்தரவு. அதிக மார்க் வாங்கின ஓட்டத்துக்கு முன்னுரிமை.”

“பெயிலானவங்க ஓட்டம்?”

“அத அழிச்சிடுவோம். தப்பான ஓட்டம் இல்லையா?”

இருபத்தேழு வருடம் கீறல் விழாமல் ஓட்டியவர் இரண்டு முறை ஓட்டிக் காட்டியிருக்கிறார். இரண்டையும் அழித்திருக்கிறார்கள். நான் சொல்லிக் கொடுத்த பிறகு ஓட்டியதை ஊரிலுள்ள எல்லா டாக்சிக்கும் கொடுத்திருக்கிறார்கள். இன்று காலை நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. மேஜை டிராயரைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து, கொஞ்சம் தயங்கி, என்னிடம் நீட்டினார்.

“உங்களுக்குத்தான். நாளைக்கு அனுப்பறதா இருந்தேன்.”

வாரியத்தின் கடிதம். மணிக்கூண்டு முச்சந்தியில் டாக்சிகள் காரணமின்றி இரண்டு விநாடி நிற்பது கண்டறியப்பட்டுள்ளது. பயணிகள் புகார். இப்பிழையை நீக்க, அனுபவமிக்க பயிற்றுநர் என்ற முறையில் தாங்கள் அம்முச்சந்தியை நூறு முறை நிற்காமல் ஓட்டிப் பதிவுசெய்து தர வேண்டும். மறுத்தால் தங்கள் அகாடமியின் அங்கீகாரம் மறுபரிசீலனைக்கு உள்ளாகும்.

“நடைபாதையில ஏறுறது பிழை இல்லையா சார்?”

“அதப்பத்தி யாரும் புகார் எழுதல மேடம். பயணிங்க உள்ள இருக்காங்க, நிக்கறதுதான் அவங்களுக்குத் தெரியுது.”

“நீங்க எழுதலாமே.”

“எழுதினேன். ரெண்டு தடவ. விளக்கம் கேட்டு எனக்கே மெமோ வந்துச்சு.” அவர் டப்பாவை மறுபடி திறந்து மறுபடி மூடினார். “இந்தப் பதிவுக்கு மார்க் கிடையாது மேடம். பயிற்றுநர் ஓட்டம்னா அப்படியே பாடம். நீங்க என்ன செஞ்சாலும், அந்த முச்சந்தியில வண்டி அதத்தான் செய்யும். யாரும் திருப்பிப் பாக்க மாட்டாங்க. ஆள் இல்ல.”

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

மறுநாள் காலை தேர்வு அறையில் உட்கார்ந்தேன். சேலை கட்டிய பெண் பின்ஸீட்டில் ஏறினாள். என் கை தானாக உதை போட்டது. பதினாறு வயதில் படிந்தது, அவ்வளவு சீக்கிரம் போகாது. அகாடமி போனால் நான் என்ன செய்வேன்? டைப்ரைட்டிங்கூடத் தெரியாது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டே சறுக்கித் திரும்பினேன். மணிக்கூண்டு வந்துவிட்டது. சிக்னல் சிவப்பு. நடைபாதையில் அந்தக் காய்கறிப் பைக் கிழவி நின்றிருந்தாள். நான் கிட்டே போனதும் எம்பிக் குதிக்கத் தயாராகக் காலை மடக்கினாள்.

என் வாழ்க்கையில் முதல் முறையாக அந்த விளையாட்டில் நடுவழியில் பிரேக்கை மிதித்தேன்.

டாக்சி சாலையிலேயே, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றது. கிழவி காலை மடக்கிய வாக்கிலேயே நின்றாள். நிற்கிற வண்டிக்கு முன்னால் என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் எழுதி வைக்கவில்லை போலிருக்கிறது. பின்ஸீட்டுப் பெண் திட்ட ஆரம்பித்தாள். ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்தேன். கன்னத்தில் போட்டுக்கொள்ள எனக்குப் பழக்கமில்லை. கை பழகிய வழியில் போனது. நெற்றி, நெஞ்சு, இடத் தோள், வலத் தோள். சிலுவைக்கு மூன்று விநாடி ஆகிறது. தணிகாசலத்தைவிட ஒன்று கூட. மரகதத்தின் முழங்காலுக்கு அந்த ஒரு விநாடி தேவைப்படும் என்று தோன்றியது. சிக்னல் பச்சையாகும்வரை நின்று, உதை போடாமல், மெதுவாக வண்டியை எடுத்தேன்.

ஊரில் எத்தனையோ முச்சந்திகள் இருக்கின்றன. எனக்குக் கொடுத்தது இது ஒன்றைத்தான். மற்றவற்றை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியாது.

பத்தாவது சுற்று முடிந்ததும், பின்னால் யாரோ வந்து நிற்பதை இனியும் தெரியாததுபோல் இருக்க முடியாது என்று திரும்பிப் பார்த்தேன். பிரேக் இன்ஸ்பெக்டர் சிவக்கொழுந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“இன்னும் தொண்ணூறு இருக்கு மேடம்,” என்றார்.